கரைக்கு வந்தவன்

"ஆரைக் கேட்டு முடிவை மாத்தினீர்?"

மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் கனகலிங்கத்தின் குரல் கோபத்தில் நடுங்கியது. எதிரே ரமணி, வாசித்து முடித்த தாள்களை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தாள்.

பிரிக்பீல்ட்ஸில் இருந்த அந்தக் கலை மன்றத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, பழைய ஆங்கிலப் பேய்க்கதைகளைத் தமிழில் நடித்து வாசிப்பார்கள். இந்த மாதக் கதையை மொழிபெயர்த்தவர் கனகலிங்கம். ரயில்வே உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அகராதியும் கையுமாக மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து, சொல் பிசகாமல் தமிழுக்குக் கொண்டு வந்திருந்தார்.

கதை இதுதான். கடலுக்குப் போன மீனவன் புயலில் மாட்டிக்கொள்கிறான். மனைவி விளக்கேற்றி வைத்துக் காத்திருக்கிறாள். ஓர் இரவு யாரோ கதவைத் தட்டுகிறார்கள். ஓடிப்போய்த் திறக்கிறாள். வாசலில் நிற்பது அவனுடைய பிணம். அது அவளையும் கடலுக்குள் இழுத்துப் போய்விடுகிறது.

போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கிடங்கில் டைப்பிஸ்டாக இருக்கும் ரமணிக்கு நல்ல குரல். கதவு தட்டும் இடம் வரைக்கும் ஹாலில் ஒருவரும் அசையவில்லை. அதற்கப்புறம்தான் எல்லாம் கெட்டது. கதவைத் திறந்தால் புருஷன் உயிரோடு நிற்கிறான். நனைந்துபோய், குளிரில் வெடவெடத்துக்கொண்டு. சோறு இருக்கா என்று கேட்கிறான். அவள் போடுகிறாள், அவன் சாப்பிடுகிறான். அவ்வளவுதான் என்று ரமணி தாளை மடித்துவிட்டாள்.

"பேய் எங்கே லா?" என்று பின்வரிசையிலிருந்து யாரோ கேட்க, ஹாலில் ஒரே சிரிப்பு.

அந்தச் சிரிப்பைத்தான் கனகலிங்கத்தால் பொறுக்க முடியவில்லை. உலகமே படித்து நடுங்கிய கதையைத் திருத்த ஒரு டைப்பிஸ்ட் யார் என்று கேட்டார். மறந்துபோனதா, இல்லை தன்னைக் கேலி செய்ய வேண்டுமென்றே செய்ததா என்று கேட்டார்.

"தப்புதான் அங்கிள். மன்னிச்சிடுங்க."

"மன்னிக்க ஏலாது. எழுதினவன் எழுதினதை மாத்த உமக்கு உரிமை இல்லை. எனக்கே இல்லை. இனி இந்த மேடையில நீர் ஏற வேண்டாம்."

ரமணிக்குக் கண் கலங்கிவிட்டது. தாள்களை அவரிடம் நீட்டினாள்.

வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். இடுப்பில் தூங்கிப்போன குழந்தை.

"வாங்க வீரம்மாக்கா," என்று ரமணி அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் ரமணிக்குப் பக்கத்து வீடுங்கய்யா. கதைய எழுதினது நீங்கதான்னு வெளியே சொன்னாங்க."

கனகலிங்கம் எரிச்சலோடு தலையை ஆட்டினார்.

"எங்க வீட்டுக்காரரும் மீன் பிடிக்கப் போனவருதான். படகு மட்டும் கரை ஒதுங்குச்சு. ஆள் இன்னும் கிடைக்கல. ரமணி நல்லா வாசிக்கும்னு, என்ன கதைன்னு தெரியாம, இதுகிட்ட சொல்லாம கொள்ளாம ரயில் ஏறி வந்துட்டேன். பாதியிலதான் என்னைப் பார்த்துச்சு. எழுந்து ஓடிடலாமான்னு இருந்துச்சுங்கய்யா. அந்தாளு வந்து சோறு கேட்டதும்தான் எனக்கு உயிரே வந்துச்சு."

கொஞ்சம் தயங்கினாள். "புத்தகத்துலயும் அப்படித்தான் முடியுதா?"

ரமணி தரையைப் பார்த்தாள். கனகலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஓம் பிள்ளை. புத்தகத்திலயும் அவன் வந்திட்டான். ரமணி பிழையில்லாமல்தான் வாசிச்சவ."