பக்கத்துத் தூண்

அந்தச் செம்புச் சுரங்கத்தைக் கைவிட்டுப் பல காலமாகிவிட்டது. கூரை சரியாமலிருக்க, தாதுப் பாறையிலேயே இரண்டு தூண்களை வெட்டாமல் விட்டிருந்தார்கள்.

ஒருநாள் சுத்தியல் திரும்பி வந்தது. முதல் தூணை மெல்லத் தட்டியது.

தன் மேல் படிந்திருந்த செம்பின் பச்சைக் கறையை இருட்டில் மறைத்துக்கொண்டு தூண் சொன்னது: "என்கிட்ட என்னண்ணே இருக்கு, வெறுங்கல்லு. பக்கத்துல பாருங்க, உள்ள பூராவும் செம்பு."

பக்கத்துத் தூண் அதை ஒரு பார்வை பார்த்தது.

சாயங்காலத்துக்குள் பக்கத்துத் தூணை உடைத்து, கூடை கூடையாக அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

முதல் தூண் நிம்மதியாக மூச்சு விட்டது. அதன் உச்சியிலிருந்து பொடி உதிர்ந்தது.

"அவன் சுமந்ததும் இப்ப உன் பக்கம் வருது," என்றது கூரை. "பிடிச்சுக்கிறியா?"