குணவதியின் கார்டு

"குணவதி... குணவதி..."

மூன்றாவது தடவை கூப்பிட்டபோதுதான் பெஞ்சுக் கோடியில் இருந்தவள் திடுக்கிட்டு எழுந்தாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த கார்டை அவிழ்த்து நீட்டினாள்.

"காது கேக்கலியா?" என்றாள் நர்ஸ். அவளை எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் முன்னால் இருமக்கூடப் பயப்படுவார்கள்.

"தூக்கக் கலக்கம், மிஸ்ஸி."

"வீட்டுல புருஷன் கூப்பிட்டாலும் இப்படித்தானா?"

"மசக்கைன்னா அப்படித்தான்லா மிஸ்ஸி," என்றாள் பெஞ்சில் இருந்த ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள்.

சுங்கை பினாங்கில் அந்தத் தகரக் கொட்டகையில் புதன்கிழமைதோறும் பிள்ளைத்தாய்ச்சிகளை இலவசமாகப் பார்ப்பார்கள். மருந்தும் ஒரு டின் பாலும் உண்டு. ஆனால் முனிசிபல் வேலைக்காரர்களின் பெண்சாதிகளுக்கு மட்டும்தான் கார்டு. மற்றவர்கள் வெள்ளிக் காசு கொடுத்து டாக்டரைப் பார்க்க வேண்டும். அந்த வெள்ளிக்கு எங்கே போவது?

அவளுக்கு இந்தப் பிள்ளை தங்கியாக வேண்டும். போன வருடம் ஒன்று மூன்றாம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. இப்போதும் மூன்றாம் மாதம்தான். தூங்கும்போதுகூட வயிற்றில் கை வைத்துக்கொண்டுதான் படுக்கிறாள்.

அவளை எடை மெஷினில் ஏற்றிய மிஸ்ஸி, கார்டைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள்.

"போன வாரம் நூத்திப்பத்து ராத்தல். இன்னைக்குத் தொண்ணூத்தெட்டு. அதுக்கு முந்தின வாரமும் தொண்ணூத்தெட்டு. ஒரு வாரம் ஏறுற, ஒரு வாரம் எறங்குற. நீ என்ன கொடிமலை ரயிலா?"

"சாப்பிட்டா வாந்தி வருது, மிஸ்ஸி."

"வாந்தி வாரம் விட்டு வாரம்தான் வருமோ?"

மிஸ்ஸி அவள் கண் இமையை இழுத்துப் பார்த்தாள், உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். ரத்தமே இல்லை என்று முணுமுணுத்தாள். பிறகு பார்வை மூக்கில் வந்து நின்றது.

"போன வாரம் செவப்புக்கல் மூக்குத்தி போட்டிருந்தியே. எங்க?"

"அடகுல இருக்கு." பதில் சட்டென்று வந்தது. அந்தப் பக்கத்து வீடுகளில் யாரைக் கேட்டாலும் வருகிற பதில்தான் அது.

மிஸ்ஸி அவள் மூக்கையே சற்று நேரம் பார்த்தாள். "அடகுலயா. சரி," என்றாள்.

அவள் அவசரமாகப் பேச்சை மாற்றினாள். "மிஸ்ஸி, எங்க பக்கத்து வீட்டுல ஒரு அக்காவும் முழுகாம இருக்காங்க. அவங்க வீட்டுக்காரரு தொங்கான் படகுல மூட்டை தூக்குறாரு. அவங்களுக்கும் ஒரு கார்டு..."

"தொங்கான் வேலை முனிசிபல் வேலையா?"

"இல்ல."

"அப்ப கார்டு இல்ல. சட்டத்த நான் போடல."

"பாவம் மிஸ்ஸி அவங்க."

மிஸ்ஸி கார்டை இரண்டு கையாலும் பிடித்தாள். போன மாதம் சொன்ன பேச்சைக் கேட்காத ஒருத்தியின் கார்டை இப்படித்தான் பிடித்து, எல்லோர் கண்முன்னாலும் இரண்டாகக் கிழித்தாள்.

"கிழிச்சிடாதீங்க மிஸ்ஸி. இந்தத் தடவை எனக்கு எதுவும் ஆகக்கூடாது."

மிஸ்ஸி கிழிக்கவில்லை. இன்றைய எடையை எழுத வேண்டிய கட்டத்தைக் காலியாகவே விட்டு, கார்டை மடித்து அவள் கையில் வைத்தாள். ஒரு மருந்துப் புட்டியையும் கொடுத்தாள்.

"ரத்தம் ஊறுறதுக்கு. தெனம் மூணு வேளை. இனிமே ஒரு வாரமும் தவறக்கூடாது."

"தவறாமத்தானே வர்றேன்?"

மிஸ்ஸிக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு அலமாரியிலிருந்து ஒரு பால் டின்னை எடுத்து வைத்தாள். பிறகு மேசைக்கு அடியில் இருந்த தன் சொந்தப் பையைத் திறந்து இன்னொரு டின்னையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"ரெண்டு டின் எதுக்கு, மிஸ்ஸி?"

"மூக்குத்திய அடகு வைக்கலாம். மூக்குல குத்துன ஓட்டையையுமா அடகு வைப்பாங்க?" மிஸ்ஸி பெஞ்சுக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு உனக்கு. இன்னொண்ணு குணவதிக்கு."