மாணவன் 'அ'

"கிழிச்சுப் போடுங்க டீச்சர்!"

பத்துமலை போட்ட சத்தத்தில், குனோங் ராபாட்டில் அவன் நடத்தும் மோட்டார் பட்டறையே திரும்பிப் பார்த்தது.

விமலாதேவி டீச்சர் பதறிப்போனார். முதுகலைப் பட்டத்துக்காக, இத்தனை வருடம் தான் பாடம் நடத்திய விதத்தையே ஆராய்ந்து எழுதிக்கொண்டிருந்தார். ரப்பர் தோட்டப் பள்ளியில் தன்னிடம் படித்த பத்துமலையைப் பற்றிய பக்கத்தை இப்போதுதான் அவனுக்குப் படித்துக் காட்டியிருந்தார்.

"உன்னை வெளியே நிக்க வச்சதை எழுதினது பிடிக்கலையா?"

"நடந்ததுதானே லா! எழுதுங்க."

"அடிச்சது?"

"அதையும் எழுதுங்க!"

"அப்புறம் என்ன? நீதான்னு யாருக்கும் தெரியாதுப்பா. 'மாணவன் அ'ன்னுதான் போட்டிருக்கேன்."

"அதுக்குத்தான் ஆத்திரமா வருது! ஆறு வருசமும் 'டேய் கடைசி பெஞ்சு'ன்னுதான் கூப்பிட்டீங்க. ஒரு நாளாச்சும் பேர் சொன்னீங்களா? இப்ப எழுத்துலயும் எனக்குப் பேர் இல்லையா?"

டீச்சரின் முகம் சுண்டிப்போனது. பேனாவை எடுத்து அந்த 'அ'வை அடித்தார்.

"அப்பா பேர் என்ன?"

"சன்னாசி."

'சன்னாசி மகன் பத்துமலை' என்று மேலே எழுதினார். "சரியா இருக்கா, பத்துமலை?"

அவன் கோபம் குறையாமலே சொன்னான்:

"இன்னொரு தடவை கூப்பிடுங்க."