அப்பா கொடுத்த பங்கு

"அபூர்வமான ரத்த நோய். உங்க அப்பா வழியா வந்திருக்கு" என்றார் டாக்டர்.

"உருப்படியா வேற எதைக் கொடுத்தாரு!" என்றார் தையல்காரர்.

செய்தி பரவியதும் சொந்தபந்தம் எல்லாம் டாக்டராகிவிட்டது. "மாதுளம்பழம் சாப்பிட்டா பறந்துடும்" என்றார் மாமனார். பறந்தது பழ வியாபாரியின் கஷ்டம்தான்.

கடைசியில் ஆஸ்பத்திரியே இதே நோயுள்ள ஒருவரைச் செல்போனில் கோத்துவிட்டது. ஊர், பேர் சொல்லக் கூடாது. இவர் 'ஊசி', அவர் 'ஆந்தை'.

"படியேறினா மூச்சு வாங்குதா?" என்று ஆந்தை எழுதியதும் ஊசிக்குக் கண் கலங்கிவிட்டது.

"படுத்தாலும் தூக்கமில்லீங்க. பக்கத்து வீட்டுப் படுபாவி சத்தம் போட்டே கொல்றான்" என்று தொடர்ந்தார் ஆந்தை.

"இங்கயும் ஒருத்தன் டிவியை அலறவிடறான். மனுஷத்தன்மையே கிடையாது!" என்று பதில் எழுதிவிட்டு, மெஷினைத் தடதடவென்று மிதித்தார் தையல்காரர்.

"நீங்க என் கூடப்பிறந்தவர் மாதிரி" என்றார் ஆந்தை.

"ஐயோ, அப்படித் திட்டாதீங்க!"

ஆஸ்பத்திரி கேன்டீனில் சந்திப்பதாக ஏற்பாடு. அடையாளம், மஞ்சள் குடை.

குடையோடு தையல்காரர் வாசலுக்கு வந்தார். வீட்டின் குறுக்கே அப்பா எழுப்பிய சுவருக்கு அந்தப் பக்கம் கதவு திறந்தது. சொத்துத் தகராறில் கோர்ட்டில் மட்டுமே முகம் பார்க்கும் அண்ணன். கையில் மஞ்சள் குடை.

"ஊசியா?"

"ஆந்தையா?"

இரண்டு குடைகளும் மெல்லத் தாழ்ந்தன.

"இதை மட்டும் அப்பா சரிபாதியா பிரிச்சிருக்காரு. இதுக்கும் கேஸ் போடலாமா?" என்றார் அண்ணன்.

"மொதல்ல அந்த டிவியை அணைச்சுட்டு வாங்கண்ணா. சேர்ந்தே போகலாம்."