ஏலத்தில் எடுத்த பெயர்

"இந்தப் பெரியவருக்கு எதுக்கு மேடம் இந்த வயசுல விளம்பர ஆசை?" என்று பியூன் காதோரம் முணுமுணுத்தார்.

அதிகாரி அம்மாவுக்கும் அதே எரிச்சல்தான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

புது பஸ் வாங்கணும், ஸ்டாப்புக்கெல்லாம் கூரை போடணும். ஆனால் வரியிலும் கை வைக்கக் கூடாது, டிக்கெட் விலையும் ஏறக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. போக்குவரத்துத் துறை மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்த வழிதான் இந்த ஏலம். விற்பனைக்கு வந்தது பஸ் ஸ்டாப்பின் பெயர். ஏலம் எடுத்தவர் சொல்கிற பெயர்தான் இனிமேல் போர்டிலும், டிக்கெட்டிலும், கண்டக்டர் வாயிலும்.

தண்ணித்தொட்டி ஸ்டாப்புக்கு ரெண்டே பேர் போட்டி. நகைக்கடை முதலாளி தன் ஆட்கள் புடைசூழ வந்திருந்தார். பெரியவர், லேத் பட்டறையில் உழைத்து ஓய்ந்தவர், ஒண்டியாக வந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் துணைக்கு அவருடைய குடைதான் உட்கார்ந்திருந்தது.

முதலாளி அலட்சியமாக ஒரு தொகை சொல்வார். பெரியவர் எச்சில் விழுங்கிவிட்டு அதற்கு மேலே சொல்வார். இப்படியே ஏறிக்கொண்டு போனது.

"பெரியவரே, வீட்ல சொல்லிட்டுத்தான் வந்தீங்களா?" என்று முதலாளி கேட்க, ஆட்கள் சிரித்தார்கள்.

"வீட்ல சொல்றதுக்கு யாரும் இல்லப்பா. நீ அடுத்த தொகையைச் சொல்லு."

முதலாளிக்குச் சலித்துவிட்டது. "அந்த ஓட்டை ஸ்டாப்புக்கு இவ்வளவு கொட்ட எனக்கென்ன பைத்தியமா?" என்று எழுந்து போய்விட்டார்.

பெரியவர் மேஜைக்கு வந்து, பாஸ்புக்கை ஒரு தரம் பார்த்துவிட்டுச் செக்கில் கையெழுத்துப் போட்டார். பாவமாக இருந்தது அதிகாரிக்கு.

"தப்பா நினைக்காதீங்க ஐயா. சேமிப்பு மொத்தத்தையும் துடைச்சுக் குடுக்கிறீங்க போலிருக்கு. மருந்து மாத்திரைக்காவது வச்சுக்கலாமே?"

"ஒருத்தன் வயித்துக்கு என்னம்மா பெருசா வேணும்? பென்ஷன் வருது, ஓடிடும்."

"சரி, போர்டுல என்ன பேர் போடணும்? உங்க பேரா, உங்க வீட்டம்மா பேரா?"

"தண்ணித்தொட்டின்னே இருக்கட்டும்."

பியூன் களுக்கென்று சிரித்துவிட்டார். அதிகாரி அவரை ஒரு முறை முறைத்துவிட்டுத் திரும்பினார்.

"ஐயா, இப்பவே அதுதானே பேரு. அந்தத் தொட்டியையே இடிச்சுத் தள்ளியாச்சு. இருக்கிற பேருக்கா இவ்வளவு பணம்?"

"அந்த நகைக்கடைக்காரர் எடுத்திருந்தா மாத்தியிருப்பாரே."

"மாறினா மாறிட்டுப் போகட்டும். உங்களுக்கு அதுல என்ன போச்சு?"

பெரியவர் குடையை மேஜையோரம் சாய்த்து வைத்தார். அதிகாரி தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.

"எம் பையன் வளர்ந்தும் குழந்தைம்மா. கூட்டத்துல கைநழுவிப் போயிட்டான். போலீஸ், ஆஸ்பத்திரி, ஆசிரமம்னு தேடாத இடமில்ல. அவங்கம்மாவும் அந்த ஏக்கத்துலயே போய்ச் சேர்ந்துட்டா."

"வீட்டு விலாசம் சொல்லத் தெரியாதா?"

"என் பேரைக்கூடச் சொல்லத் தெரியாது. பஸ்ல ஏறினா, 'தண்ணித்தொட்டிக்கு ஒண்ணு குடுங்க'ன்னு கேக்க மட்டும் அவங்கம்மா பழக்கி வச்சிருந்தா."

பியூன் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னிக்காவது அவன் அப்படிக் கேக்கும்போது, அந்தப் பேர்ல ஸ்டாப்பே கிடையாதுன்னு சொல்லி யாரும் அவனை இறக்கி விட்டுடக் கூடாது இல்லையாம்மா?"