ஆசிர் காரின் உறுமல்

பக்கத்து வீட்டு ஆசிரின் பழைய கார் உறுமிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தாலே டைட்டஸுக்கு வயிறு எரியும். இவனிடமும் அதே மாடல் கார்தான். பூனை மாதிரி வரும், போகும்.

"போர்ட்டிங் பண்ணிட்டான் பிளெஸ்ஸி! எஞ்சின் ஹெட்டுல காத்து போற வழியைத் தேய்ச்சிப் பெரிசாக்கிட்டான். பலமனேர் மேட்டுல இனி அவனைப் பிடிக்க முடியுமா? அந்த வேலைய ரெண்டு பேரும் சேர்ந்துதான் வீடியோவுல பார்த்தோம், எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னானா?"

"அவரையே கேளுங்களேன்" என்றாள் மனைவி.

"கேட்டா மழுப்புவான், திருட்டுப்பய."

டைட்டஸ் தன் கார் எஞ்சின் ஹெட்டைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் வைத்து, மெஷினால் தேய்க்க ஆரம்பித்தான். வெளியே ஆசிர் கார் உறுமும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் தேய்த்தான். கடைசியில் ஹெட்டின் உட்சுவர் பொத்துக்கொண்டு, எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் பாதைக்கே ஓட்டை விழுந்தது. ஹெட் இனி காயலான் கடைக்குத்தான்.

அந்த நேரம் பார்த்து ஆசிர் வாசலில் வந்து நின்றான்.

"அண்ணா, நாளைக்குத் திருப்பதி கல்யாணத்துக்கு உன் கார்லயே எங்களையும் இட்டுக்கினு போயிடு. என் வண்டில சைலன்சர் ஓட்டை. அது போடுற சத்தத்துல தெருவே திட்டிக்கினு கீது. சத்தமில்லாம ஓடுற உன் வண்டியப் பார்த்தா வயிறு எரியுதுண்ணா!"