தனிச் சட்டி

“பாத்தியா, இன்னைக்கும் சிவகாமியை மட்டும்தான் கே.எல்.லுக்குக் கூட்டிட்டுப் போறாங்க உங்கம்மா. என்ன இருந்தாலும் பெத்த பொண்ணு லா!”

பக்கத்து வீட்டு ஆன்டி கொளுத்திப் போட்டுவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டார்.

தங்கமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு சீனக் குடும்பத்திடமிருந்து கைக்குழந்தையாக வாங்கி இராஜம்மா வளர்த்த பெண் அவள். முகத்தைப் பார்த்து யாராவது ஏதாவது கேட்டுவிட்டால், “என் பொண்ணுதான், ஏன்?” என்று இராஜம்மா சண்டைக்கே போவாள்.

அதெல்லாம் பழைய கதை. கொஞ்ச நாளாக எல்லாமே சிவகாமிக்குத்தான். கோலாலம்பூரில் பெரிய டாக்டர் சிவகாமிக்கு. பிரிக்பீல்ட்ஸ் கடையில் புதுப் பஞ்சாபி சூட் சிவகாமிக்கு. அடுப்பில் தனியாக ஒரு சின்னச் சட்டி, அதுவும் சிவகாமிக்கு.

“தொடாதே, அது அக்காவுக்கு” என்று அம்மா அதட்டும்போதெல்லாம் இவளுக்கு வயிறு எரியும். தனக்கும்தான் தலை வலிக்கிறது, யார் கேட்டார்கள்?

அன்று மாலை பொறுக்க முடியவில்லை. சட்டியைத் திறந்தாள். இருப்பதிலேயே பெரிய மீன் துண்டாக எடுத்து வாயில் போட்டாள்.

உடனே துப்பினாள். துளி உப்பு இல்லை.

“தின்னு பாத்துட்டியா?”

வாசலில் அம்மா. கூட வந்த சிவகாமி அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள்.

“இதையாம்மா அக்கா தினமும் சாப்பிடுது?”

இராஜம்மா நாற்காலியில் சரிந்தாள்.

“அவளுக்கு ரெண்டு கிட்னியிலயும் நீர்க்கட்டிடி. பிரஷர் ஏறக்கூடாதாம், உப்பை நிறுத்தச் சொல்லிட்டாங்க. உன் தாத்தா இதுலதான் போனாரு. ஸ்கேன் பண்ணினா எனக்கும் இருக்கு. பரம்பரையா ரத்தத்துல வர்றதாம். நான் குடுத்ததுதான் அவளுக்கு. உன் பரீட்சை முடியட்டும்னு சொல்லாம இருந்தேன்.”

தங்கமணி சட்டியை மூடினாள்.

“அப்ப எனக்கும் ஸ்கேன் பண்ணணுமாம்மா?”

பயத்தில் கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் தான் யாரென்று நினைவு வந்தது.

இராஜம்மா அவளை இழுத்து மடியோடு சேர்த்துக்கொண்டாள்.

“நீ என் வயித்துல பொறக்கலையேன்னு பதினேழு வருஷமா சாமிகிட்ட சண்டை போட்டிருக்கேன்டி. டாக்டர் இதைச் சொன்ன அன்னைக்குத்தான், நல்லவேளைன்னு கற்பூரம் ஏத்திக் கும்பிட்டேன்.”